ஆற்றைப் பூட்டிய நாள்

அணையிலிருந்து காலையில் வந்த செய்தியில் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் ரேஞ்சரைப் பாடாய்ப் படுத்தின. "திறக்க வாய்ப்புண்டு." திறக்கிறோம் என்று சொல்லியிருந்தால் செய்ய வேண்டியது தெரியும். திறக்கவில்லை என்றால் செய்வதற்கே ஒன்றும் இல்லை. வாய்ப்புண்டு என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் அணைக்குப் போன் போட்டாள்.

"ஐயா, கதவத் தெறப்பீங்களா, மாட்டீங்களா?"

"மேல நல்ல மழைம்மா," என்றார் அணைக்காரர்.

"அது தெரியுது. கதவு?"

"உத்தரவு வரணும். வந்தா தெறப்போம்."

"வருமா?"

"வரலாம்."

"தெறந்தா தண்ணி எங்ககிட்ட வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

"அத நீங்கதானம்மா எங்களுக்குச் சொல்லணும். நீங்கதான கீழ இருக்கீங்க."

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். பூங்காவின் மேல் வானம் பளிச்சென்று இருந்தது. வடக்கே மலைகளின் மேல் மட்டும் கறுப்பு அப்பிக் கிடந்தது. மீட்பு ஹெலிகாப்டர் அந்தப் பக்கம்தான் நிற்கும். இன்றைக்கு அது எழும்பாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

இந்தப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வருவது ஆற்றுக்காகத்தான். பாறையை நெடுக அறுத்துக்கொண்டு ஆறு ஓடுகிறது. இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்குச் சுவர். ரப்பர் படகுகள் சிமெண்ட் சரிவிலிருந்து இறங்கும். இறங்கிவிட்டால், கீழே பாலம் வரும்வரை கரையேற வழியே கிடையாது. நடுவில் குகைக்கு அடியில் ஒரு துண்டு மணல் உண்டு. அதுவும் தண்ணீர் ஏறினால் இருக்காது.

படகுகள் அவளுடைய அண்ணனுக்குச் சொந்தமானவை. அந்தப் படகுகளை ஓட்டுகிறவர்களில் மூத்தவன் அவளுடைய கணவன். போன மாதம்தான் அவளைக் காட்டுத்தீப் பிரிவிலிருந்து ஆற்றுக்கு மாற்றியிருந்தார்கள். "வீட்டுக்குள்ளயே வேலைய வச்சுக்கிட்டீங்க," என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். அப்போது அவளும் சிரித்தாள்.

சரிவின் மேலிருந்த இரும்புக் கேட்டில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினாள். "இன்று ஆற்றில் இறங்கக் கூடாது" என்ற பலகையை மாட்டினாள். திரும்பினால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"என்னம்மா இது?"

"அணையில இருந்து சொல்லியிருக்காங்கண்ணா."

"தெறந்துட்டாங்களா?"

"இல்ல."

"தெறக்கப் போறாங்களா?"

"தெரியல."

"தெரியாததுக்கா பூட்டு?" அண்ணன் சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். "இதுக்கு முன்னாடி இருந்த ரேஞ்சருக்கு இந்த மாதிரி செய்தி வந்தா, மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்குவாரு."

"அதான் அவர மாத்திட்டாங்க."

"அவரா கேட்டு வாங்கிட்டுப் போனாரு. பிள்ளைங்க படிப்புக்காக."

அவளுடைய கணவன் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: "விடுங்க மச்சான். பூட்டினா பூட்டினதுதான். வீட்டுலயும் இதே கததான், எனக்குப் பழகிப்போச்சு."

அண்ணன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறும் முன்பே இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பிஸ்கெட் தொழிற்சாலையின் வருடாந்தரச் சுற்றுலா. முக்கால்வாசிப் பேர் நனைவதற்கென்றே பழைய உடுப்பு போட்டிருந்தார்கள். பொட்டலம் கட்டும் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்தான் எல்லோரையும் மேய்த்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. அதனால் எல்லாருக்கும் அவள் விசிலக்கா. பலகையை இரண்டு முறை படித்துவிட்டு நேராக ரேஞ்சரிடம் வந்தாள்.

"ஏம்மா, நாங்க வருஷம் பூரா சூட்டுலயும் வாசனையிலயும் கெடக்குறோம். ஒரு நாளாவது நனையலாம்னு வந்தா இப்படிச் சொல்றீங்களே."

"வேற நெறைய இருக்குக்கா."

"என்ன இருக்கு?"

ரேஞ்சர் சொல்ல ஆரம்பித்தாள். பாறைச் சுவரின் விளிம்போரமாக நடந்து பார்வை முனைக்குப் போகலாம். தொலைநோக்கியில் கழுகுக் கூடு பார்க்கலாம், இப்போது குஞ்சுகூட இருக்கிறது. பாறை அடுக்குகளைப் பற்றி ஒருவர் விளக்குவார். பிள்ளைகள் படம் வரையலாம், வரைந்தால் ஒரு பேட்ஜ். சொல்லச் சொல்ல அவளுக்கே சப்பென்று இருந்தது. கண் அடிக்கடி வடக்கே போனது.

"இதுல தண்ணியில ஒண்ணுமே இல்லையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

பதில் சொன்னது அவளுடைய கணவன். "தண்ணி இல்லாமலே படகு ஓட்டலாம், வா பாப்பா."

கால்நடையாகப் போக கேட்டின் ஓரம் ஒரு சந்து உண்டு. அது வழியாக அவன் ஆட்களைச் சரிவுக்குக் கூட்டிப்போனான். ஒரு படகைச் சிமெண்டின் மேல் இழுத்துப் போட்டு, விளிம்பில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்தான். "முன்னாடி போடு" என்றால் காற்றை முன்னால் தள்ளினார்கள். "நிறுத்து" என்றால் நிறுத்தினார்கள். "பாறை வருது, இடது பக்கம்" என்று அவன் கத்தியதும் எல்லோரும் இடது பக்கம் சாய்ந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

படகின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தவர் நல்ல கனத்த ஆள். தொழிற்சாலையில் பெரிய அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். "அடுப்புக்காரரே, நீங்க உக்காந்த பக்கம் படகு தரை தட்டுது," என்றாள் விசிலக்கா. "தரையிலதானம்மா கெடக்கு," என்றார் அவர். அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணன்கூட லேசாகச் சிரித்துவிட்டான்.

ரேஞ்சருக்கு மட்டும் நெருப்பின் மேல் நிற்பதுபோல இருந்தது. சரிவின் அடியில் பாறையில் கோடு போட்டு அளவு எழுதியிருந்தார்கள். தண்ணீர் காலையில் எந்தக் கோட்டில் இருந்ததோ அதே கோட்டில் இருந்தது. போய்ப் பார்த்தாள். மேலே வந்தாள். திரும்பவும் போய்ப் பார்த்தாள்.

"எந்திரிங்க எல்லாரும்," என்றாள் கடைசியில். "இங்க உக்காரக் கூடாது. தண்ணி ஏறினா முதல்ல வர்ற எடம் இதுதான்."

"ஏறுறதுக்கு எங்க இருக்கு தண்ணி?" என்றான் அவளுடைய கணவன், குரலைத் தாழ்த்தி. "இப்பதான் மூஞ்சியில கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கு இவங்களுக்கு."

"குகைப் பாதைக்குக் கூட்டிட்டுப் போங்க. அது உயரத்துல இருக்கு."

"அந்தப் பாதையில நான் நடந்து எத்தன வருஷமாச்சு தெரியுமா? குகைய நான் படகுல இருந்துதான் பாப்பேன்."

"ஆளு இல்லைங்க. நீங்கதான் போகணும்."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, "சரி, படகு கரை சேந்துடுச்சு, எறங்குங்க," என்று எல்லோரையும் எழுப்பினான்.

குகைப் பாதை பாறைச் சுவரை ஒட்டிக் குறுகலாகப் போவது. ஆறு காலடியில் தெரியும். இரண்டு இடத்தில் ஏணி ஏற வேண்டும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் விசிலக்காவோடு மேலே பார்வை முனைக்கு அனுப்பிவிட்டு, நடக்கக்கூடியவர்கள் மட்டும் கிளம்பினார்கள். அடுப்புக்காரர் முதல் ஆளாகப் போனார்.

ரேஞ்சர் சரிவிலேயே நின்றாள். அணைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். அண்ணன் சற்றுத் தள்ளி ஒரு படகின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

நடு வெயிலில் வாக்கிடாக்கி கரகரத்தது. அவளுடைய கணவனின் குரல்.

"அடுப்புக்காரர் விழுந்துட்டார். குகைக்குக் கொஞ்சம் முன்னாடி, சரளைக் கல்லுல. முழங்காலுக்குக் கீழ உடைஞ்சிருக்கு. பாத்தாலே தெரியுது."

"நினைவு இருக்கா?"

"இருக்கு. திட்டிக்கிட்டிருக்கார்." கொஞ்சம் இடைவெளி விட்டு அவனே தொடர்ந்தான். "இங்க பாரு. மச்சான ஒரு படக எறக்கச் சொல்லு. நாங்க இவர மெதுவா மணலுக்கு எறக்கிடுறோம். அங்க ஏத்திக்கிட்டா சட்டுனு பாலத்துக்குப் போயிடலாம். ஆம்புலன்ஸ அங்க வரச் சொல்லு. இந்தப் பாதையில தூக்கிட்டு வந்தா பொழுது சாஞ்சிடும்."

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டான். படகின் கயிற்றைத் தோளில் போட்டு, ஒரு கையை அவளிடம் நீட்டினான். "சாவி."

அவள் அணைக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை ஒருவர் எடுத்தார். தெரியாத குரல்.

"அவரக் கூப்பிடுங்க, அவசரம்."

"அவரு இங்க இல்லைங்க. கதவுகிட்டப் போயிருக்காரு."

"கதவுகிட்டயா? எதுக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் கேன்டீன். டீ குடுக்க வந்தேன், போன் அடிச்சுது."

"மழை பெய்யுதா அங்க?"

"நல்லாப் பெய்யுதுங்க."

அவள் போனை வைத்தாள். அண்ணனின் கை நீட்டியபடியே இருந்தது.

"இல்லண்ணா," என்றாள். "தூக்கிட்டுத்தான் வரணும்."

"அங்க ஒரு மனுஷன் துடிச்சிட்டிருக்கான். இங்க தண்ணியப் பாரு. கணுக்கால் நனையாது போல இருக்கு."

"கதவுகிட்டப் போயிருக்காராம்."

"போயிருக்காரு. தெறந்தாருன்னு சொன்னாங்களா?"

"உன்னையும் அவரையும் அந்த ஆளோட சேத்து அனுப்பிட்டு, அப்புறம் மூணு பேரையும் பாலத்துல நின்னு தேட என்னால முடியாது."

"எனக்கு இந்த ஆறு தெரியும். உன் புருஷனுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது." அண்ணன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அவள் சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டு, வாக்கிடாக்கியில் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து "சரி" என்று மட்டும் வந்தது. பதினைந்து வருஷக் குடும்பத்தில் இத்தனை வெறுமையான ஒரு சரியை அவள் கேட்டதில்லை.

ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணனும் இரண்டு படகுக்காரர்களும் வந்தார்கள். அண்ணன் அவள் கையிலிருந்து ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டு முன்னால் போனான்.

அடுப்புக்காரர் பாறை நிழலில் சாய்ந்திருந்தார். யாரோ சட்டையைக் கிழித்து, துடுப்பு நீளக் குச்சி ஒன்றைக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டியது அவளுடைய கணவன் என்பது முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது. அவன் அவளைப் பார்க்காமல், "தலப்பக்கம் நான் புடிக்கிறேன்," என்றான்.

தூக்கினார்கள். ஒற்றையடிப் பாதையில் நாலு பேர் சேர்ந்து நடக்க முடியாது. முன்னால் இருவர், பின்னால் இருவர், சுவர்ப்பக்கம் தோளை உரசிக்கொண்டு நகர்ந்தார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்கள். பிஸ்கெட் தொழிற்சாலைக்காரர்கள் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்கள். ரேஞ்சரும் ஒரு முனையைப் பிடித்தாள். ஆரம்பத்தில் அடுப்புக்காரர் பேசிக்கொண்டே வந்தார். "மெதுவாப் பொரட்டுங்கப்பா, ஒரு பக்கம் கருகிடப் போறேன்." இரண்டு பேர் சிரித்தார்கள். முதல் ஏணியில் அவரைக் கயிற்றால் கட்டி நிமிர்த்தி இறக்கியபோது அவர் போட்ட சத்தத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவர் பேசவும் இல்லை. முகம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

ஆறு கீழே கூடவே வந்தது. பச்சையாக, தெளிவாக, அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரிய, ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் கல்லில் இடித்து அவர் முனகும்போதெல்லாம் அவள் கீழே பார்த்தாள். ஒரு தடவை அப்படிப் பார்த்தபோது, தான் என்ன எதிர்பார்த்துப் பார்க்கிறோம் என்பது அவளுக்கே விளங்கியது. தண்ணீர் ஏற வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கலங்கி, மரம் மட்டையோடு, அந்த மணல் துண்டை மூழ்கடித்துக்கொண்டு வர வேண்டும். இத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணம் வந்ததும் கீழே பார்ப்பதை நிறுத்தினாள். பிடியை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

சரிவுக்கு வந்து சேர்ந்தபோது சுவரின் நிழல் ஆற்றை முழுக்க மூடியிருந்தது. ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அடுப்புக்காரரின் மனைவி மேலிருந்து ஓடி வந்தாள். அவளும் அதே தொழிற்சாலைதான். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வண்டி போன பிறகு விசிலக்கா தன் ஆட்களை எண்ணி பஸ்ஸில் ஏற்றினாள். விசில் ஊதவில்லை.

அப்போதுதான் அணைக்காரர் போனில் வந்தார்.

"கூப்பிட்டீங்களாமே. இல்லம்மா, தெறக்கல. இங்க மழ விட்டுடுச்சு."

"கதவுகிட்டப் போயிருந்தீங்களே."

"ஆமா, எண்ணெ போடப் போனேன். நனைஞ்சா துரு ஏறிடுது."

அவள் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். கேட்டின் பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவிக் கீழே போட்டாள். அண்ணன் தன் படகுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கட்டிவிட்டு, அவளைத் தாண்டி நடந்து போனான்.

மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவன்தான் ஜீப்பை ஓட்டி வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை. வராந்தாவில் அடுப்புக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கால் ரொம்ப வீங்கிவிட்டதால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, இன்று காலையில்தான் செய்தார்களாம். எலும்பு சேர்ந்துவிடும். ஆனால் அடுப்பு முன்னால் நாள் முழுக்க நிற்க இனி முடியுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது தருவதாகத் தொழிற்சாலையில் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் மனைவி. "ஆத்து வழியாக் கொண்டு போயிருந்தா சீக்கிரம் வந்திருக்கலாமாமே. எங்க ஆளுங்க பேசிக்கிறாங்க."

"ஆமா," என்றாள் ரேஞ்சர். "வந்திருக்கலாம்."

அந்தப் பெண் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. மடியிலிருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி வரும்னு நினைச்சீங்க."

"வரலாம்னு நினைச்சேன். வரல."

"அவரு உங்க மேல கோபமா இல்ல. வந்தவங்ககிட்ட எல்லாம், தூக்கிட்டு வந்த கதையச் சொல்லி சிரிச்சிட்டிருக்காரு." பையின் பிடியை விட்டாள். "எனக்குத்தான் கோபம். தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு. நீங்க உள்ள வந்து பாக்க வேணாம்."

ரேஞ்சர் தலையை ஆட்டிவிட்டு, கொண்டு வந்த பழங்களை அந்தப் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். திரும்பி நடந்தபோது பின்னால் பை சரசரத்தது. அந்தப் பெண் பழங்களை உள்ளே எடுத்துவைத்திருக்க வேண்டும், அல்லது நகர்த்தியிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப்பில் பாதி வழி வந்த பிறகு அவள் கேட்டாள்: "சாவி உங்ககிட்ட இருந்திருந்தா போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்."

"தண்ணி வந்திருந்தா?"

"செத்திருப்பேன்." அவன் கியரை மாற்றினான். "அதுக்காக நீ செஞ்சது சரின்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்காத."

"நான் கேக்கல."

"கேக்கலைன்னாலும் மூஞ்சியில எழுதியிருக்கு."

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். விதிப்படிதான் நடந்திருக்கிறாய் என்றார். அது அவளுக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. குகைக்குள் ஒரு ஸ்ட்ரெச்சரும் கயிறும் எப்போதும் வைத்திருக்க ஏற்பாடு செய்தாள். சரளைக் கல் கிடந்த இடத்தைத் தானே போய்க் கூட்டித் தள்ளினாள். ஆறு தினமும் திறந்திருந்தது, படகுகள் போயின. அண்ணன் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. அவள் எதிரில் நிற்கும்போதே, "மாப்ள, இன்னிக்கு எறங்கலாமான்னு ரேஞ்சர்கிட்டக் கேட்டுச் சொல்லு," என்பான். அவனும் திரும்பி அவளிடம் கேட்பான். அவள் எறங்கலாம் என்பாள். "எறங்கலாமாம் மச்சான்," என்பான்.

வீட்டிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வடக்கே பார்ப்பாள். பால் பொங்கி வழிந்த பிறகு ஓடி வருவாள். மூன்றாவது தடவை அப்படி ஆனபோது, அவளுடைய கணவன் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "லீவு போடு. அணைக்குப் போய்ட்டு வரலாம்."

"எதுக்கு?"

"போன்ல வாய்ப்புண்டு, வரலாம்னு பேசுற மனுஷன நேர்ல பாத்துட்டு வா. இல்லைன்னா இந்த வீட்டுல பால் மிஞ்சாது."

அணைக்காரர் ஒடிசலான ஆள். மழைக்கோட்டின் கை அவருக்கு நீளம். அவளைப் பார்த்ததும், "நீங்கதானா கீழ இருக்கவங்க?" என்றார். விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது. கதவுப் பக்கம் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று அவராகவே இரண்டு தடவை சொன்னார். இனிமேல் எதற்காகப் போனாலும் முதலில் உங்களுக்கு ஒரு போன் போடுகிறேன் என்றார். அதோடு, கதவு திறந்தால் அலை கீழே வந்து சேரும் நேரத்தை இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இத்தனை வருஷமாக அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படகு பாலத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தை அவளுடைய கணவன் சொன்னான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன: படகு தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். அணைக்காரர் அந்தத் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார்.

பிறகு அவர் அவர்களை அணையின் மேலே கூட்டிப்போனார். அவளும் அவனும் அதற்கு முன் அங்கே வந்ததில்லை. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் வெகு ஆழத்தில் ஆறு, அவர்களுக்குத் தெரிந்த அதே பச்சைக் கீற்று. மறுபக்கம் தண்ணீர் கிட்டத்தட்ட கைப்பிடிச் சுவர் வரை வந்து நின்றது. செம்மண் நிறத்தில், அலைகூட இல்லாமல், மலையடிவாரம் வரை பரந்து கிடந்தது. காலுக்கடியில் சிமெண்ட் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது.

அவளுடைய கணவன் சுவரில் கை ஊன்றி நெடுநேரம் பார்த்தான்.

"இவ்வளவா வச்சிருக்காங்க," என்றான்.

அவளும் பக்கத்தில் வந்து சுவரில் கை ஊன்றினாள்.

"இருந்தாலும் நான் போயிருப்பேன்னுதான் இப்பவும் தோணுது. அவரு போட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு."

"எனக்கும்தான்."

"தெரியும். நீ தூக்கத்துல ஸ்ட்ரெச்சரப் புடிக்கிற மாதிரி கைய மூடி மூடித் தெறக்குற."

காற்று பலமாக அடித்தது. அணைக்காரர் கேன்டீனில் டீ சொல்லியிருப்பதாகக் கூப்பிட்டார். அவன் சுவரை விட்டு விலகி வந்து, அவள் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்து, "வா, சீக்கிரம் குடிச்சிட்டுக் கெளம்பணும்," என்றான். "நாளைக்கு முதல் படகு என்னோடது. மச்சான் ஏற்கெனவே என்கிட்டயும் கடுகடுன்னு இருக்காரு."

இருவரும் அணையின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். நடக்கும்போது இரண்டு பேரும் தண்ணீர் நிறைந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனார்கள்.